வல்லினத்தை மீட்டுத் தந்தவர்களுக்கு

பேரன்புடையீர், வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நான், சென்ற ஆண்டு புற்றுநோயால் மேலண்ணத்தின் வலப்பாதியை இழந்தேன். இன்று மீண்டும் உண்ணவும் பேசவும் துணைநின்றவர்களுக்கு நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் ஊர்ப் பல் மருத்துவருக்கு உரியது. மேல் கடைவாய்ப் பல் ஆடுகிறது, பிடுங்கிவிடுங்கள் என்றுதான் அவரிடம் போனேன். அவரோ, மூக்கு ஒரு பக்கம் மட்டும் அடைக்கிறதா, இரத்தம் கசிகிறதா, கன்னம் மரத்துப்போகிறதா என்று கேட்டார். மூன்றுக்கும் ஆம் என்றேன். "ஐயா, பல்லில் சொத்தை இல்லை, ஈறும் நன்றாக இருக்கிறது, காரணம் மேலே இருக்கிறது" என்று பிடுங்க மறுத்து, அன்றே ஸ்கேன் எடுக்க அனுப்பினார். கன்னத்தின் உள்ளே, மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் சைனஸ் என்னும் காற்றறைக்கும் அப்பற்களின் வேர்களுக்கும் இடையில் மெல்லிய எலும்பு மட்டுமே உண்டு என்பதையும், அறையில் வளர்ந்த கட்டி அதை அரித்து வாய்க்குள் இறங்கிவிட்டது என்பதையும் அவர்தான் படம் வரைந்து விளக்கினார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே பக்க மூக்கில் வளர்ந்த சதையை வேறோரிடத்தில் அகற்றியிருந்தார்கள். அறிக்கையில் 'இன்வர்ட்டட் பாப்பிலோமா' என்றிருந்தது. புற்று அல்ல என்று சொல்லி அனுப்பியவர்கள், அது மீண்டும் வளரக்கூடியது, சிலருக்குப் புற்றாகவே மாறக்கூடியது, ஆண்டுக்கணக்கில் எண்டோஸ்கோப்பி வைத்துப் பார்த்துவர வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு மருத்துவமனையில் எனக்கு அறுவையும், ஆறு வாரங்களில் முப்பது முறை கதிர்வீச்சும் நடந்தன. அங்குள்ள மருத்துவர்கள், செவிலியர், ஒவ்வொரு நாளும் கதிர்வீச்சின்போது தலை அசையாதிருக்க முகக்கவசத்தைப் பொருத்தும்போது என் கையைப் பற்றிக்கொண்ட தம்பி ஆகிய எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

காயத்தை அடைத்திருந்த துணியை எடுத்த நாளில் குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. "அப்பா" என்று சொல்ல முயன்றேன். "அம்மா" என்றே ஒலித்தது. வல்லினம் பிறக்கக் காற்று வாய்க்குள் அடைபட வேண்டும். அண்ணத்தில் துளையிருந்தால் அது மூக்குக்குப் போய்விடும், எழுத்தெல்லாம் மெல்லினமாகிவிடும். எழுத்துப் பிறப்பை எத்தனையோ முறை பாடம் நடத்திய எனக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. அந்தத் துளையை மூடும் செயற்கை அண்ணத்தை, புண் ஆறிச் சுருங்கச் சுருங்கத் தேய்த்தும் கூட்டியும் ஏழு முறை திருத்தித் தந்த மருத்துவர் அம்மையார், கடைசி முறை அதைப் பொருத்திவிட்டுக் "கப்பல்" என்று சொல்லச் சொன்னார். பகரம் பகரமாகவே வந்தது. வாசலில் நின்ற என் மகள் அழுதுவிட்டாள்.

கதிர்வீச்சால் இறுகிய தாடையைத் திறக்க, ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையில் வைத்து நாள்தோறும் பயிற்சி செய்தேன். குச்சிக்கட்டோடு வந்து, ஒன்பதிலிருந்து இருபத்தொன்று வரை உடனிருந்து எண்ணியவர் என் பழைய மாணவர். கஞ்சியையும் பருப்பையும் வேளைக்கு வேளை மைய அரைத்துத் தந்தவர் என் மருமகள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டப் படிவங்களுக்காக அலைந்தவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

வரும் விஜயதசமியன்று எங்கள் தெருக் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். தாங்கள் அனைவரும் அவசியம் வந்திருந்து, நான் ககர வரிசை சொல்வதைக் கேட்க வேண்டும்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்