முடக்கும் முன் எடுக்க விடுங்கள்: வெளிநாட்டு கிரிப்டோ தளங்கள் குறித்து ஒரு திறந்த மடல்

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும் நிதி நுண்ணறிவுப் பிரிவுக்கும்,

வணக்கம். 2023 டிசம்பர் 28 அன்று பைனான்ஸ், குகாயின், கிராக்கன் உள்ளிட்ட 9 வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு (கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளங்களுக்கு) நிதி நுண்ணறிவுப் பிரிவின் நோட்டீஸ் போனது. 2024 ஜனவரியில் செயலிகள் ஆப் ஸ்டோரிலும் பிளே ஸ்டோரிலும் காணாமல் போயின, தளங்களும் முடங்கின. 2025 அக்டோபரில் மேலும் 25 தளங்களுக்கு நோட்டீஸ். பணமோசடித் தடுப்புச் சட்டப்படி பதிவு செய்யச் சொல்வது நியாயமே. முடக்கும் விதத்தில்தான் எங்களுக்குத் தகராறு.

தளத்தை அடைத்தால் நாணயம் அடைபடாது. அது பிளாக்செயின் என்னும் பொதுக் கணக்கேட்டில் இருக்கிறது, அதை நகர்த்தும் ரகசியச் சாவி எக்ஸ்சேஞ்சிடம். சாவியை மீட்டுத் தரும் 12 அல்லது 24 சொற்களைத் தாளில் எழுதி, சாவியைத் தன்னிடமே வைக்கும் சொந்த வாலட் வைத்திருப்பவரை உங்கள் உத்தரவு தொடவே தொடாது. டிஎன்எஸ் (தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றும் சேவை) அளவில் மட்டும் அடைத்த இணைப்பு என்றால், கைபேசியில் அதை மாற்றத் தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை, மற்றதற்கு, வேறு நாட்டு வழியாக இணைக்கும் விபிஎன். மாட்டிக்கொள்வது இரண்டும் தெரியாத சிறு சேமிப்பாளர். செயலி கிடைக்காமல் டெலிகிராமில் வந்த ஏபிகேயை (ஸ்டோருக்கு வெளியே நிறுவும் செயலிக் கோப்பை) இறக்குகிறார். போலியென்றால் கடவுச்சொல்லும் ஓடிபியும் சேர்ந்தே போகும். பதற்றத்தில் யுஎஸ்டிடியை (டாலர் மதிப்பையொட்டிய கிரிப்டோ நாணயத்தை) வேறு எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றும்போது, அதை அனுப்பும் நெட்வொர்க்கின் (பிளாக்செயினின்) தேர்வும் தவறிவிடுகிறது. எத்தீரியம், பிஎன்பி செயின் இரண்டிலும் முகவரி ஒரே வடிவம், பிழை கண்ணில் படாது. பெறும் எக்ஸ்சேஞ்ச் அந்த நெட்வொர்க்கை ஏற்காவிட்டால் தொகை கணக்கில் ஏறாது.

இன்னொரு வேடிக்கை. வருமான வரிப் படிவத்தின் விடிஏ (கிரிப்டோ போன்ற மெய்நிகர் டிஜிட்டல் சொத்து) அட்டவணை ஒவ்வொரு விற்பனைக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, அடக்க விலை, கிடைத்த தொகை எல்லாம் கேட்கிறது. 30 சதவீத வரியில் கழிக்க விடுவது அந்த அடக்க விலை ஒன்றைத்தான். அதற்கான பரிவர்த்தனைப் பதிவோ நீங்கள் அடைத்த தளத்துக்குள். ஓர் அரசு கேட்கும் காகிதத்தை அதே அரசே பூட்டி வைத்தால் கணக்கு எப்படிக் காட்டுவது?

குகாயினும் பைனான்ஸும் பதிவு செய்து, அபராதம் கட்டித் திரும்பின. பைனான்ஸுக்கு மட்டும் 18.82 கோடி ரூபாய். திரும்பி வராத தளங்களில் கணக்கு வைத்திருப்பவருக்கு என்ன வழி?

நாங்கள் கேட்பது இது: நோட்டீஸ் போன நாளிலேயே புதிய கணக்கும் டெபாசிட்டும் நிற்கட்டும். அதன்பின் 60 நாள், பணமெடுப்பும் பதிவுகளை இறக்கும் பக்கமும் திறந்திருக்கட்டும். எக்ஸ்சேஞ்ச் ஒத்துழைக்க மறுத்தாலும் முடக்கும் தேதியை முன்கூட்டி அறிவிப்பது உங்கள் கையில்தான். தளங்களை முடக்கச் சொல்லி எழுதியதை 2023 டிசம்பர் செய்திக்குறிப்பிலேயே வெளியிட்டீர்கள். அதோடு ஒரு தேதியையும் சேர்த்திருக்கலாம்.

இப்படிக்கு,
கிரிப்டோ பாதுகாப்பு, வரிக் கணக்குப் பணிகளில் இருப்போர்