வேலியோரத்துக் கண்வலிப்பூ

அன்புள்ள கண்ணுக்கு, அப்பா எழுதுவது.

தெற்குக் காட்டுக் கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டு நான் கம்பி வேலி போட்டபோது, நீ என்னோடு பத்து நாள் பேசவில்லை. "கண்வலிப்பூக் கொடி எங்கே அப்பா?" என்று மட்டும் கேட்டாய். அன்று என்னிடம் பதில் இல்லை. நேற்றுக் காலை அந்த இடத்தில் முதல் பூ விரிந்தது.

மூலனூர்ப் பக்கம் இதைப் பயிராகவே வைக்கிறார்கள்; மருந்துக்காக விதையை வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே நல்ல கிழங்காக ஒன்று வாங்கி நட்டிருந்தால் அந்த வருடமே பூத்திருக்கும். ஆனால் நம் மண்ணில் நின்ற கொடியின் வாரிசுதான் எனக்கு வேண்டும். பக்கத்துக் காட்டு வேலியில் மிச்சமிருந்த ஒற்றைக் கொடியில் காய் வெடித்துச் சிவப்பு விதை தெரிந்தபோது, நாற்பது எடுத்து உலர்த்தி வைத்தேன்.

ஆடியில் ஓர் இரவு ஊறவைத்து, செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்த தொட்டியில் ஊன்றினேன். ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. உன் அம்மா அதில் கொத்தமல்லி தூவப் போனாள், தடுத்துவிட்டேன். பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று பதினொன்று முளைத்தன. முதல் வருடம் புல் போல நாலு இலைதான். தை பிறந்ததும் காய்ந்துபோயின. பேத்தி பாப்பா வீடியோவில் பார்த்து, "செத்துவிட்டதா அப்பிச்சி?" என்று அழுதாளே! மண்ணைக் கிளறி, பயறளவு வெள்ளைக் கிழங்கைக் காட்டிய பிறகுதான் சமாதானமானாள். கிழங்கு உறங்கும்போது தண்ணீர் விடக் கூடாது, அழுகிவிடும். அது தெரியாமல் இரண்டை நானே கொன்றேன். இன்னும் மனது ஆறவில்லை.

மறு வருடம் முழங்கால் உயரம். மூன்றாம் வருடம் இலை நுனியே சுருண்டு குச்சியைப் பற்றியது, பூ இல்லை. இந்த ஆடியில்தான் வேலியோரம் மாற்றி நட்டேன். கிழங்கு கலப்பை போலக் கவைத்திருந்தது. கவையின் நுனியில்தான் முளை. அது ஒடிந்தால் போயிற்று. பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வைத்தேன்.

நேற்றுப் பச்சையும் மஞ்சளுமாக விரிந்த பூவில், இன்று நுனியிலிருந்து சிவப்பு இறங்குகிறது. காந்தள் போன்ற விரல் என்று பள்ளிப் பாட்டில் நீ ஒப்பித்த காந்தள் இந்தப் பூதான்.

கார்த்திகைத் தீபத்துக்கு வரும்போது பாப்பாவிடம் முன்பே சொல்லிவை: கிட்டே போய்ப் பார்க்கலாம், தொட வேண்டாம். கிழங்கும் விதையும் கடும் நஞ்சு.

கம்பியை ஒட்டிக் கிளுவைக் குச்சிகளும் ஊன்றியிருக்கிறேன். ஏழு துளிர்த்துவிட்டன.

அன்புடன்,
அப்பா