டேனிஷ் கோட்டைக்குச் சுண்ணாம்பு குழைத்த கைகளுக்கு

அன்புடையீர்,

வணக்கம்.

தரங்கம்பாடிக் கடற்கரையில் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனிஷ் தளபதி ஓவே கெட்டே எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1845-இல் விலைபேசி ஆங்கிலேயருக்குக் கைமாறியது. பிறகு பயணியர் மாளிகையாக இருந்து, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. இவ்வளவையும் வழிகாட்டிகளே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுகிற, இந்தக் கோட்டையைச் சுண்ணாம்புச் சாந்தால் பழுதுபார்த்த ஆட்களுக்குத்தான் இந்த மடல்.

டென்மார்க்கில் உருவான தரங்கம்பாடி சங்கத்தாருக்கும் தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும் முதல் வணக்கம். அடுத்த வணக்கம் கிளிஞ்சல் பொறுக்கி, சூளை வைத்துச் சுட்டுத் தந்தவர்களுக்கு. வேகாத கிளிஞ்சல் ஒரு கைப்பிடி கலந்தாலும் அது நீறாது, தண்ணீர் ஊற்றினாலும் பொடியாகாது. சாந்தில் வெறும் ஓட்டுத் துண்டாகவே கிடக்கும். அதிகம் வெந்ததோ அதைவிட மோசம். பூசி மாதம் கழித்துச் சுவருக்குள்ளேயே நீறும், பூச்சில் அம்மைத் தழும்பு மாதிரி குழி தெறிக்கும். அதனால்தான் நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, தண்ணீர் மேலே நிற்கும்படி தொட்டியில் வாரக்கணக்கில் ஊறப்போட்டீர்கள். "இன்னுமா ஊறுது?" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்டார்கள். ஊறட்டும் என்று விட்டதற்குத் தனியாக ஒரு நன்றி.

மணல் கொண்டுவந்த வண்டிக்காரர்களுக்கு: கடல் பத்தடியில் இருக்கும்போது ஆற்று மணலுக்கு அலைவானேன் என்று யாருக்கும் தோன்றும். கடல் மணலில் உப்பு இருக்கிறது. அது சுவருக்குள் போய் ஈரத்தில் கரையும், வெயிலில் மறுபடி படிகமாகும். ஒவ்வொரு முறையும் செங்கல்லின் மேல்தோலை நெட்டித் தள்ளும். சுவர் உப்பரித்துப் பொரிவது இப்படித்தான். சிமெண்ட் பூச்சு இதையே இன்னும் விரைவாகச் செய்யும். ஈரம் வெளியேற வழி அடைபட்டதும், உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து செங்கல்லை மாவாக்கிவிடும். வெளியே பார்த்தால் பளபளப்பு, தட்டிப் பார்த்தால் பொள்ளல். "நாலு மூட்டை சிமெண்டில் முடித்துவிடலாமே" என்று ஆலோசனை சொன்னவர்களுக்கும் நன்றி. சொன்னதோடு நின்றுகொண்டீர்களே, அதற்கு!

கொத்தனார்களே, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு மணல் என்பதைப் புத்தகம் பார்த்தும் சொல்லலாம். சாந்து கரண்டியில் ஒட்டாமல் வழுக்கி விழுகிற பதத்தை உங்கள் கைதான் சொல்லும். உடைத்த கடுக்காயையும் வெல்லத்தையும் பத்து நாளுக்குக் குறையாமல் ஊறவைத்துப் புளித்த நீரை வடித்துச் சேர்த்தீர்கள். வெல்லம் கூடினால் இறுகுவது தள்ளிப்போகும், எறும்பும் மொய்க்கும் என்று அளவைக் கறாராகப் பிடித்ததும் நீங்கள்தான். குமிழி நிற்கும்வரை செங்கல்லைத் தண்ணீரில் போட்டதும், ஒரு பூச்சுக்குக் கால் அங்குலம், மிஞ்சினால் அரை அங்குலம் என்று நிறுத்தியதும் அப்படியே.

சித்தாள் அக்காக்களுக்கு என்ன சொல்ல? சுண்ணாம்பு காற்றிலிருந்துதான் இறுகும். அதற்கும் ஈரம் வேண்டும். கடல்காற்றும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் ஒரே மதியத்தில் பூச்சு வெடித்து, நகத்தால் சுரண்டினால் உதிரும். சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, காலை, மதியம், மாலை என்று தண்ணீர் தெளித்தது நீங்கள். பீய்ச்சி அடித்தால் சாந்து கரையும் என்று கையால் தெளித்தீர்கள். கோட்டையில் எந்த வேலைக்காவது பெயர் பொறிப்பதென்றால் இதற்குத்தான் பொறிக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

விரிசலில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காமல் எங்களைக் கூப்பிட்டுக் காட்டிய மீனவத் தம்பிகளுக்கும் நன்றி. பிடுங்கினால் வேரோடு நாலு செங்கல்லும் வந்துவிடும். தண்டை அறுத்து, வேர் பட்டுப்போன பிறகு துளையைச் சுண்ணாம்புக் குழம்பால் நிரப்ப வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் மேல்தளத்துத் தூம்புகளை மூங்கிலால் குத்தி அடைப்பெடுத்த பள்ளிப் பிள்ளைகளே, உங்களுக்கும்தான். தூம்பு அடைத்தால் தளத்தில் நிற்கிற தண்ணீர் வளைவுக் கூரை வழியாகக் கீழறைவரை இறங்கும். எடுத்த குப்பையில் காக்கைக் கூடு ஒன்று, டென்னிஸ் பந்து மூன்று. பந்துகளைக் காயவைத்திருக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கோட்டை வேலையில் உடனிருந்தவர்கள்
தரங்கம்பாடி