மூடின எல்லோருக்கும், விடிய வந்து திறந்துவிட்ட அந்த அம்மாவுக்கும்

அன்பான தோட்டத்து ஆட்களுக்கு,

கன்றுகள் உறைபனிக்குத் தப்பிவிட்டன. கத்தரியில் நுனி இலைகள் கொஞ்சம் கறுத்திருக்கின்றன, பாகலில் சிலது போய்விட்டன, மற்றதெல்லாம் நிற்கின்றன. அந்த வியாழன் இரவு எப்படிப் போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன், இந்தப் படபடப்பு அடங்க முன்னம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இத்தனை வருஷம் இருந்தும் இப்படி ஒரு கிழமையை எனக்குப் பழக முடியவில்லை. ஞாயிறு பிள்ளைகள் கையில்லாத சட்டையோடு ஓடித் திரிந்த வெயில், செவ்வாய் இடியும் மழையும், புதன் வடக்கிலிருந்து காது விறைக்கிற காற்று. வியாழன் பின்னேரம் காற்று விழுந்து வானமும் ஒரு முகில் இல்லாமல் வெளித்தபோதுதான் எனக்கு நெஞ்சு இடித்தது. முகில் இருந்தால் நிலத்துச் சூடு அவ்வளவு சுலபமாக மேலே போகாது. முகிலும் இல்லை காற்றும் இல்லை என்றால் சாமம் தாண்டக் குளிர் அப்படியே தரையோடு படுத்துவிடும். அறிக்கையில் 2 பாகை என்று இருக்கும், அது ஆள் உயரத்தில் அளந்த கணக்கு, கன்று நிற்கிற உயரத்தில் பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும். நானோ முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட், இடையில் விட்டுவிட்டு வர முடியாது. உங்கள் எல்லோருக்கும் கொடுக்கவென்று வளர்த்த கன்றுகள் தட்டுத் தட்டாக வெளியே. கருவிகள் வைக்கிற அந்தச் சின்னக் கொட்டிலுக்குள் எத்தனை தட்டுத்தான் கொள்ளும்?

மத்தியானமே உறைபனி எச்சரிக்கையைப் பார்த்து எல்லோருக்கும் செய்தி போட்ட அக்கா, வீட்டிலிருந்து பெட்ஷீட், படங்கு, பழைய போர்வை என்று காரில் அள்ளிக்கொண்டு வந்தவர்கள், பிளாஸ்டிக் கலன்களில் சுடுதண்ணீர் நிரப்பித் தட்டுகளுக்கு நடுவே வைத்த தம்பிமார், நயாகராப் பக்கம் பழத்தோட்டத்தில் வேலை செய்த அனுபவத்தில் “பொலித்தீன் இலையில் முட்டக் கூடாது, முதலில் துணியைப் போடுங்கோ” என்று ஒவ்வொரு பாத்தியாகப் போய்ச் சொன்ன அண்ணை, இருட்டில் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி. பெயர் பெயராகச் சொல்லப் போனால் ஆரையாவது விட்டுவிடுவேன், அதனால் சொல்லவில்லை.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

இரவு மூடியாயிற்று என்று செய்தி வந்ததும் ஒரு நிம்மதி. அப்புறம் விடியற்காலையில் வேலையிடத்து யன்னலால் பார்க்கிறேன், கண் கூசுகிற வெயில் வரப்போகிற வானம். உறைபனி இரவுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் இப்படித்தான் விடியும். மூடின பொலித்தீனுக்குள் வெயில் இறங்கினால் கொஞ்ச நேரத்திலேயே உள்ளே அவிந்துவிடும். குளிருக்குத் தப்பினது வெக்கையில் போகும். இரவிரவாக நின்றவர்களை மறுபடி எழுப்ப எனக்கு மனம் வரவில்லை, எல்லோருக்கும் வேலை, பள்ளிக்கூடம். பத்து மணிக்குத்தான் நான் வெளியே வந்தேன், வந்த வேகத்தில் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன்.

போய்ப் பார்த்தால் எல்லாம் திறந்திருக்கிறது. துணிகளெல்லாம் நாலாக மடித்து, பறக்காமல் மேலே கல் வைத்தபடி. பொலித்தீனை உதறிக் கம்பிவேலியில் ஈரம் காயப் போட்டிருக்கிறது. தட்டுகளின் கிழக்குப் பக்கத்தில் தடி ஊன்றி, காட்போட் மட்டைகளைச் சாய்த்து நிழல் பிடித்திருக்கிறது. அங்கே பக்கத்துப் பாத்திச் சீன அம்மா கடைசி மட்டையைத் தள்ளி வைத்துக்கொண்டு நிற்கிறார்.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவருடைய பாஷை தெரியாது, இரண்டு பேருக்கும் இங்கிலிஷ் மட்டுமட்டு. அவரும் பாகல் வைப்பார், பயற்றங்காய் வைப்பார். அவருடைய பாகல் வெளிறிய பச்சை, முள் மழுங்கியிருக்கும். கோடை முழுக்க வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று தலையாட்டிச் சிரிப்போம், அவ்வளவுதான் எங்களுடைய பழக்கம். அன்று சூரியனைக் காட்டினார், ஓர் இலையைக் காட்டினார், உள்ளங்கையை மெல்ல மெல்லக் கீழே இறக்கி “ஸ்லோ, ஸ்லோ” என்றார். விறைத்த இலை ஆறுதலாக இளக வேண்டும், சுள்ளென்று வெயில் பட்டால் கருகிவிடும். அதற்குத்தான் அந்த மட்டைகள். வெளிச்சம் வர முன்னமே வந்துவிட்டாராம், அவருடைய பேத்தி பிறகு சொன்னாள். அவருடைய கையைப் பிடித்தேன். கம்பளிக் கையுறை விரல் நுனியெல்லாம் நனைந்து சில்லிட்டிருந்தது. எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

மூடச் சொல்லிக் கேட்டோம், வந்தீர்கள், அது பெரிய காரியம். திறக்கச் சொல்லி ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. அந்த யோசனை, பயிரோடு கிடந்து வாழ்ந்த ஆளுக்குத்தான் தானாக வரும்.

கொஞ்சக் கன்றுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. 2012இல் மார்ச்சிலேயே கோடை வெயில் அடித்து, ஆப்பிள் மரங்கள் வேளைக்கே மொட்டு விட்டு, ஏப்ரல் உறைபனியில் ஒன்ராறியோ ஆப்பிளில் ஏறக்குறைய 80 வீதம் போனது. 2020இல் அன்னையர் தினத்தை ஒட்டி ரொறன்ரோவில் பனி பறந்ததை நாங்களே கண்டோம். நயாகராவில் பெரிய தோட்டக்காரர் உயரமான காற்றாடி வைத்து, மேலே தங்கிநிற்கிற வெதுவெதுப்பான காற்றைக் கீழே இழுத்துவிடுவார்கள். எங்களிடம் அதெல்லாம் இல்லை. ஐயா வைத்திருந்த யாழ்ப்பாணத்துத் தின்னவேலிக் கத்தரி வழியில் வருஷா வருஷம் நான் எடுத்து வைக்கிற விதை ஒரு பிடி. போனால் கடையில் வாங்க முடியாது.

இனி உறைபனி எச்சரிக்கை வந்தால் விடிய வந்து திறக்கிற வேலை என்னுடையது. ஷிப்ட் இருந்தால் மாற்றிக்கொள்வேன், எல்லோருடைய பாத்தியும் பார்ப்பேன். அந்த அம்மாவுக்கு முதல் தட்டை ஒதுக்கியாயிற்று.

மற்றவர்களுக்கு மே மாத விக்டோரியா தின லீவு முடிந்து வருகிற சனிக்கிழமை கன்று தருகிறேன், இரவுக் குளிர் குறைந்தால் மட்டும். துணிகளெல்லாம் தோய்த்துக் கொட்டிலுக்குள் அடுக்கியிருக்கிறேன், அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள். நீலப்பூப் போட்ட போர்வை ஒன்றும் ஒரு சாரமும் ஆருடையது என்று தெரியவில்லை, சொல்லுங்கள், வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறேன்.