கடலோரக் கல்விக்கூடத்துக்குக் கண்ணாடி முகப்பு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் உள்ள பொறியியல், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையையும் படங்களையும் ஆர்வத்துடன் பார்த்தேன். இப்படியொரு கட்டடம் நம் மாவட்டத்துக்கும் வராதா என்று கட்டுரையாளர் ஏங்கியிருந்தார். இராமநாதபுரம் கடலோரத்தில் நீண்ட காலம் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்து ஓய்வுபெற்ற எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் அந்தக் கட்டடத்திலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை அங்கேயே விட்டுவிடுவது என்பதைக் கட்டுரை தொடவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

டப்ளின் நகரைச் சேர்ந்த கிராஃப்டன் ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனத்தின் இவோன் ஃபாரெல், ஷெல்லி மெக்னமாரா ஆகிய இரு பெண்மணிகளின் வடிவமைப்பு அது. 2015-இல் கட்டி முடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே பிரிட்டனின் ராயல் கட்டடக்கலைஞர் கழகம் முதன்முதலாக வழங்கிய பன்னாட்டு விருதைப் பெற்றது. வாகனங்கள் விரையும் நெடுஞ்சாலைப் பக்கம் செங்குத்தான பாறைபோல் நிற்கும் அது, மறுபக்கத்தில் சிறு வீடுகளை நோக்கிப் படிப்படியாகத் தாழ்ந்து இறங்குகிறது. பெரிய ஆய்வுக்கூடங்கள் கீழே, வகுப்பறைகளும் அலுவலறைகளும் மேலே. படிக்கட்டு, நடைபாதை, மாணவர்கள் கூடி நிற்கும் இடங்கள் எல்லாம் திறந்த வெளிக் காற்றில் இருக்கின்றன. அவற்றுக்குக் குளிர்சாதனம் தேவைப்படவில்லை. அதன் சிறப்பு முழுவதும் குறுக்குவெட்டில், அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தால் தெரியும் அமைப்பில் இருக்கிறது. முகப்பு அந்த அமைப்பிலிருந்து தானாக வந்தது. நம்மூரில் நடப்பது இதற்கு நேர்மாறு: வழக்கமான நீளப்பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டு, சாலையைப் பார்த்த பக்கம் மட்டும் நீலக் கண்ணாடியையும் அலுமினியத் தகட்டையும் ஒட்டி, அதற்கு நவீனம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இருந்தாலும் லிமாவின் கட்டடத்தை அப்படியே கொண்டுவந்து மண்டபத்திலோ தொண்டியிலோ நிறுத்த முடியாது. இரண்டு இடங்களுக்கும் கடல் அருகில்தான், மற்றதெல்லாம் வேறு. லிமாவில் மழை என்பது பெயரளவுக்குத்தான். மூடுபனியும் தூறலும் உண்டு, வெயிலும் கடுமையில்லை. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் மழை நேராக விழாது, படுக்கைவாட்டில் அடிக்கும். லிமாவில் உள்ளதுபோன்ற திறந்த மேடைகளை வடகடல் பக்கம் பார்த்து வைத்தால், பரீட்சை நேரத்தில் மாணவர்கள் நனைந்துகொண்டே வகுப்பு மாற வேண்டியிருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு தென்மேற்கிலிருந்து வீசும். அந்தப் பக்கம் இழுப்பு ஜன்னல் வைத்த கட்டடங்களில், தண்டவாளத்தில் மணல் அடைந்து ஒரு பருவத்திலேயே கதவு நகர மறுப்பதைப் பார்க்கலாம். கடற்காற்றும் வேண்டும், அது கொண்டுவரும் மணலும் மழையும் உள்ளே வரக்கூடாது என்றால், அதற்கு விடை ஆழமான தாழ்வாரம். பெயருக்கு ஒன்றரை அடி சன்ஷேடு போதாது.

வெயிலின் கணக்கும் இங்கே வேறு. வடக்குச் சுவரில் நண்பகல் வெயில் படாது, ஆகவே அங்கே தாராளமாகக் கண்ணாடி வைக்கலாம் என்பது தில்லிக்குச் சரி. நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு ஒன்பதரை பாகை வடக்கே. ஏறக்குறைய சித்திரை முதல் நாளில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்து, பிறகு ஆவணி நடுவாக்கில் திரும்பும் வரை நமக்கு வடக்கேதான் நிற்கிறது. ஆகவே கோடை முழுவதும் வடக்குக் கண்ணாடியும் காயும். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து வரைந்து அனுப்பும் படங்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததற்கான அடையாளத்தை நான் கண்டது அரிது. அந்தக் கணினிப் படங்களில் வானம் எப்போதும் இளநீலம், ஏ.சி. பெட்டியோ மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியோ ஒன்றுகூட இருக்காது.

எல்லாவற்றையும்விட உப்புதான் இங்கே முதல் எதிரி. ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி, கடலோரச் சூழலில் வெளிப்பட்டு நிற்கும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-30 என்னும் வலிமைத் தரமும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவரும், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனமும், வேண்டும் என்கிறது. கடல்நீர் தெறித்துப் படும் இடமானால் எம்-35, 50 மில்லிமீட்டர். வரைபடத்தில் இவை தவறாமல் இருக்கும். வேலைத்தளத்தில், கம்பியைப் பலகையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் தீர்ந்துபோனால் கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லியைச் செருகிவைப்பார்கள். கான்கிரீட் கொட்டும்போது யாராவது அந்தக் கம்பியின் மேல் நடந்தால் ஜல்லி நழுவிவிடும். கான்கிரீட்டை இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் பலகையில் கம்பி போய்ப் படிந்துவிடும். பலகையைப் பிரித்த அன்று ஒன்றும் தெரியாது, பூச்சு எல்லாவற்றையும் மறைத்துவிடும். சில ஆண்டுகளில் கம்பி துருவேறி, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், தளத்தின் அடிப்பாகம் வெடித்துப் பொருக்குப் பொருக்காக விழத் தொடங்கும். தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது அதே விதி. கரையோர ஊர்களின் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது எந்த அளவில் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லாரியில் நல்ல தண்ணீர் வாங்குவதற்கு மதிப்பீட்டில் தொகை இல்லையென்றால், கடற்காற்று வந்து சேரும் முன்பே உப்பு கலவைக்குள் போய்விடுகிறது.

எங்கள் பகுதியில் ஒரு கல்லூரிக் கட்டடம் இருக்கிறது, பெயர் வேண்டாம். முகப்பு முழுவதும் கண்ணாடியும் தகடும். திறப்பு விழாப் படங்கள் மிக அழகாக இருந்தன. இப்போது தகடுகளைப் பிடித்திருக்கும் திருகுகளிலிருந்து துரு வழிந்து, ஒவ்வொன்றின் கீழும் பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறது. வெளியே மாட்டிய ஏ.சி. பெட்டிகளின் அலுமினிய இதழ்களை விரலால் தொட்டால் பொடியாக உதிர்கின்றன. மின்சாரம் நின்றால் வகுப்பை வேப்பமரத்தடிக்கு மாற்றிவிடுகிறார்கள், ஏனென்றால் திறக்கக்கூடிய ஜன்னல் அந்தப் பக்கத்தில் இல்லை.

உப்பைக் கணக்கில் எடுத்துக் கட்ட முடியாது என்பதில்லை. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றி, 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ஒரு பாலத்துக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையாவது பிள்ளைகள் படிக்கும் இடத்துக்குக் காட்டலாம்.

தாழ்வாரத்துக்கும் நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. இராமேசுவரம் கோயிலின் பிரகாரத்தில் நடுப்பகலில் நடந்தவர்களுக்கு, உயர்த்திய திண்ணையும் நெருங்கிய தூண்களும் வெளியே காயும் வெயிலை எப்படித் தடுத்து நிறுத்துகின்றன என்பது உடம்பாலேயே தெரியும். கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கல்தூண் கூடமும் அதே அறிவில் எழுந்ததுதான். பல்கலைக்கழகக் கட்டடமே வேண்டுமென்றால், கட்டடக்கலைஞர் ராபர்ட் சிஷோம் 1874-க்கும் 1879-க்கும் இடையே கட்டிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம் மெரினாவின் எதிரில் நிற்கிறது. கண்ணைக் கவரும் கட்டடம், தாழ்வாரங்களும் உண்டு. திருவனந்தபுரத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம், செங்கல்லில் விட்ட இடைவெளிகளையே ஜன்னலாக்கிக் காற்றை உள்ளே விட்டது. மரபு என்றவுடன் பவளக்கல் சுவரையும் சிப்பிச் சுண்ணாம்பையும் சிலர் நினைவுகூர்கிறார்கள். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தில் அந்தக் கல்லை இன்றும் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவான பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பவளத்தை வெட்டியெடுத்து நாம் செய்த கேடு போதும்.

புதுமையான வடிவமே கூடாது என்று நான் வாதிடவில்லை. ஆனால் புதுமைக்குப் பராமரிப்புச் செலவு உண்டு. ஃபிராங்க் கெரி வடிவமைத்து 2004-இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஸ்டேட்டா மையத்தில் நீர்க்கசிவும் விரிசலும் வந்து, 2007-இல் எம்.ஐ.டி.யே வழக்குத் தொடுத்தது, 2010-இல்தான் சமரசமானது. எம்.ஐ.டி.க்கு வழக்கு நடத்தவும் வசதி உண்டு, பழுது பார்க்கவும் வசதி உண்டு. நம் கல்லூரிகளில் மேல்தளக் குழாய் ஒழுகினாலே அடுத்த நிதியாண்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே கடலோரத்தில் இனி எழுப்பவிருக்கும் உயர்கல்விக் கட்டடங்களுக்கு டெண்டர் விடும் முன், குறுக்குவெட்டு வரைபடத்தையும், வாடையும் கச்சானும் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும் என்ற விளக்கத்தையும், கலவைக்கும், போட்ட கான்கிரீட்டை நனைத்து நீராற்றவும் வேண்டிய நல்ல தண்ணீருக்கான தொகையையும், பத்து ஆண்டுப் பராமரிப்பு மதிப்பீட்டையும் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க அரசு உத்தரவிட வேண்டும். வேலை நடக்கும்போது கம்பியின் கவரை அளந்து பதிவு செய்த பிறகே கான்கிரீட் போட அனுமதிக்க வேண்டும். தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள்: இப்பகுதியில் அமையவிருக்கும் கட்டடத்தின் கணினிப் படத்தை இனி வெளியிடும்போது, குறுக்குவெட்டுப் படத்தையும் கேட்டு வாங்கி அதன் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்,
உச்சிப்புளி, இராமநாதபுரம் மாவட்டம்.