இரண்டாம் டிராஃப்ட்டுக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள பங்காளி,

கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே மழை விட்டபாடில்லை. மற்றபடி எல்லோரும் சுகம்.

உன் விஸ்காம் பிள்ளைகள் எடுத்த பாட்டு வீடியோவின் முதல் டிராஃப்டை, அதாவது முதல் எடிட்டை, மூன்று தடவை பார்த்தேன்: ஒரு தடவை பாட்டோடு, ஒரு தடவை சத்தத்தை அடைத்துவிட்டு, ஒரு தடவை கட்டுகளை எண்ணிக்கொண்டு. 4 நிமிடம் 10 விநாடிப் பாட்டில் 187 கட். சராசரியாக ஒரு ஷாட் 1.3 விநாடி நிற்கிறது. கலர் போட்டாயிற்று, டைட்டில் வைத்தாயிற்று, தூசி பறக்கிற எஃபெக்ட்கூட மேலே மிதக்கிறது. ஆனால் இரண்டாம் சரணத்தில் பாடுகிற பெண்ணின் வாய் பாட்டோடு சேரவில்லை. கூரை வேயுமுன் வாசலில் கோலம் போட்டிருக்கிறார்கள்.

எத்தனை டிராஃப்ட் போட வேண்டும் என்று கேட்டிருந்தாய். எண்ணிக்கை முக்கியமில்லை. ஒரு டிராஃப்டுக்கு ஒரு கேள்வி, அதற்குப் பதில் கிடைக்கும்வரை அடுத்ததைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு. கலர் கடைசிக் கேள்வி. அதை இப்போதைக்குக் கழற்றி வைக்கச் சொல்.

முதலில் வாய். லிப் சிங்க், அதாவது வாயசைவு பாட்டோடு பொருந்துவது, இரண்டு விதமாகத் தப்பும். ஒன்று, டேக் (நிறுத்தாமல் எடுத்த ஒரு பதிவு) முழுக்க ஒரே அளவு தள்ளி இருக்கும். மற்றது, தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகும். எது என்று கண்டுபிடிக்க ப, ம எழுத்துகளைப் பிடி. அவற்றுக்குத்தான் உதடு மூடியே தீர வேண்டும். க, ந வைத்தெல்லாம் ஃபிரேம் (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படம்) எண்ண முடியாது. அதிலும் சொல்லின் நடுவில் வரும் ஒற்றைப் ‘ப’வை நம்பாதே, பாடும்போது உதடு முழுக்க மூடாமலே நழுவிவிடும். சொல் முதலில் வருவது, அல்லது ‘ப்ப’, ‘ம்ப’, ‘ம்ம’ என்று அழுத்தி வருவது வேண்டும். டேக்கின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என மூன்று இடத்தில் உதடு பிரியும் ஃபிரேமை வேவ்ஃபார்மோடு, அதாவது ஒலியின் அலைக்கோட்டோடு, ஒத்துப் பார். மூன்றிலும் 3 ஃபிரேம் தள்ளி இருந்தால் கிளிப்பை 3 ஃபிரேம் நகர்த்தினால் தீர்ந்தது. முதலில் சரி, கடைசியில் 5 ஃபிரேம் என்றால் நகர்த்திப் பயனில்லை, அது ஃபிரேம் ரேட் கோளாறு.

ஃபிரேம் ரேட் என்பது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு. கேமராவில் 25, செல்போனில் 30 வைத்து எடுத்ததாக எழுதியிருக்கிறாய். இரண்டாம் சரணம் பெரும்பாலும் செல்போன் டேக். செல்போன் பெயருக்கு 30 என்று எழுதிக்கொண்டாலும், வெளிச்சத்தையும் அதன் சுமையையும் பொறுத்து ஃபிரேம் ரேட்டைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். எடிட்டிங் மென்பொருள் சீரான ஃபிரேம் ரேட் என்று நினைத்துக்கொண்டு அடுக்கும். நாலு நிமிட டேக்கில் அந்த வித்தியாசம் சேர்ந்து வாயில் தெரியும். ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர் இரண்டுமே வீடியோவை மாற்றித்தரும் இலவச மென்பொருள். எதிலாவது ஒன்றில் மாறாத ஃபிரேம் ரேட்டைத் தேர்ந்தெடுத்து செல்போன் கிளிப் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, அப்புறம் டைம்லைனில், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடத்தில், போடச் சொல். மூல கிளிப்பை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்.

சிங்க் பார்க்கும்போது புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது. ஒலி தாமதமாகத்தான் காதுக்கு வரும். பிள்ளைகள் அதை நம்பிச் சரியாக இருந்த டேக்கையும் நகர்த்தித் தொலைப்பார்கள். வயர் போட்ட ஹெட்போன்தான். இன்னொன்று, கேமரா மைக்கின் ஒலியை வைத்துத் தானாக சிங்க் செய்தது வைட் ஷாட்டில் பிசகும். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் ஓடும். 25 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி, அதாவது 14 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்பீக்கர் பாடுகிறவள் காலடியிலும் கேமரா 28 மீட்டர் தள்ளியும் இருந்தால் மைக்கில் பாட்டு 2 ஃபிரேம் தாமதமாகப் பதிவாகியிருக்கும். கண்ணால் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். டிரோன் ஷாட்டில் சத்தமே இராது. அங்கே மேலே சொன்ன ப, ம வழி ஒன்றுதான் கதி.

டைம்லைனில் இருக்கும் பாட்டு எது என்றும் கேள். ஷூட்டிங்கில் ஓட்டியது வாட்ஸ்அப்பில் வந்த எம்.பி.3, எடிட்டில் இருப்பது இசையமைத்த பையன் பிறகு அனுப்பிய கடைசி மிக்ஸ் என்று தெரிகிறது. இரண்டையும் அடுத்தடுத்த டிராக்கில் வைத்து முதல் தாள அடியையும் கடைசி அடியையும் பொருத்திப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே அளவு தள்ளியிருந்தால் முன்னால் வெற்றிடம் கூடியிருக்கிறது, பரவாயில்லை. நடுவில் ஓர் இடையிசை நீண்டிருந்தால் அதற்குப் பின்னால் எல்லா டேக்கும் பிசகும். கடைசி மிக்ஸை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக வாங்கி, அந்த டிராக்கைப் பூட்டிவிடு.

இது முடிந்த பின், டிராஃப்ட் தொடங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகள் தாவியது இதைத்தான். பாட்டைக் கீழே வைத்து, எல்லா டேக்கையும் சிங்க் செய்து ஒன்றின் மேல் ஒன்றாகத் தனித்தனி டிராக்கில் அடுக்க வேண்டும். வெட்டக்கூடாது. ஒவ்வொரு டேக்கையும் முழுப் பாட்டுக்கும் ஓடவிட்டுப் பார்த்து, வாயும் முகமும் நன்றாக இருக்கும் பகுதிக்கு மட்டும் ஒரு நிறம் கொடு. முடிந்ததும் அடுக்கை மேலிருந்து கீழ் பார்: எந்த வரிக்கு ஐந்து டேக் இருக்கிறது, எந்த வரிக்கு ஒன்றே ஒன்று இருக்கிறது என்று கண்ணில் பட்டுவிடும். ஒன்றே இருக்கும் இடத்தில் மறு ஷூட் வேண்டுமா என்று இப்போதே முடிவு செய்துவிடலாம், அந்தச் சேலையும் அந்த இடமும் கையில் இருக்கும்போதே. மூன்றாவது டிராஃப்டில் இது தெரிய வந்தால் அழுகைதான் மிச்சம். லேப்டாப் திணறினால் பாதி அளவு ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் வைக்கும் சின்ன நகல்) போட்டுக்கொள்ளட்டும்.

ஸ்லோ மோஷனில் பாடுவதுபோல் எடுத்த சரண ஷாட்கள் இந்த அடுக்கில் சேராது. 50 ஃபிரேமில் எடுத்து 25ல் ஓட்டினால் வாயும் பாதி வேகத்தில் அசையும். அதற்கு ஷூட்டிங்கிலேயே பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, அவள் அந்த வேகத்தில் பாடியிருக்க வேண்டும். செய்யவில்லை என்பதால் முதுகுப் பக்கம், கை, முந்தானை, இடையிசை ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். செல்போனின் 30க்கும் ஒரு யோசனை: 25 டைம்லைனில் போட்டால் ஆறு ஃபிரேமுக்கு ஒன்று உதிரும், கேமரா பக்கவாட்டில் திரும்பும் பேன் ஷாட்டில் தடுக்கித் தடுக்கி ஓடும். பாடாத ஷாட் என்றால் மென்பொருள் அதை 25 என்றே படிக்கும்படி வைக்கச் சொல். ஐந்தில் நாலு பங்கு வேகத்துக்குக் கொஞ்சம் மேலே, வழுக்கிக்கொண்டு ஓடும். பாடுகிற ஷாட்டில் இது முடியாது.

இனி நிஜமான முதல் டிராஃப்ட். கேள்வி: இந்தப் பெண் பாடுவதை மட்டும் வைத்துப் பாட்டு நிற்கிறதா? கதை ஷாட் எதுவும் வேண்டாம். பல்லவி, சரணம் எல்லாம் வரி முடிகிற இடத்தில் மட்டும் கட். இடையிசையில் கறுப்பாகவே விட்டுவிடலாம். 35 கட்டுக்கு மேல் போனால் அவசரப்படுகிறார்கள் என்று அர்த்தம். போரடிக்கும்தான். எந்த இடத்தில் போரடிக்கிறதோ அங்கேதான் அடுத்த டிராஃப்டில் கதை ஷாட் நுழைய வேண்டும்.

இரண்டாவது டிராஃப்டின் கேள்வி கதை. அதில் வழக்கமான தப்புதான்: இடையிசை வந்தால் கதை, பாட்டு வந்தால் முகம். 70 விநாடி கழித்துக் கதை திரும்பி வரும்போது கதையில் வரும் கடிதம் யார் கையில் இருந்தது என்பதே மறந்துவிடுகிறது. சரணத்தின் மூன்றாம் வரியில் ஒரு கதை ஷாட்டைச் செருகினால் போதும், நூல் அறாது.

மூன்றாவது டிராஃப்டில்தான் தாளம். பாட்டு 96 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 96 அடி. 25 ஃபிரேமில் ஓர் அடிக்கு 60ஐ 25ஆல் பெருக்கி 96ஆல் வகுத்தால் 15.625 ஃபிரேம். பிள்ளைகள் இதை 16 என்று வைத்துக்கொண்டு மார்க்கர் அடித்திருக்கிறார்கள். எட்டு அடிக்கு 128 ஆகிறது, ஆனால் பாட்டில் 125தான். எட்டு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனத்துக்கு 3 ஃபிரேம் பிசகு, 40 விநாடியில் ஏறக்குறைய ஒரு விநாடி. அப்புறம் மார்க்கரை விட்டுவிட்டுக் காதால் வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் பல்லவி ஒரு மாதிரியும் சரணம் ஒரு மாதிரியும் இருக்கிறது. எட்டு அடி சரியாக 5 விநாடி, பாட்டு முழுக்க 50 ஆவர்த்தனம். 125 ஃபிரேமுக்கு ஒரு மார்க்கர் மட்டும் போடச் சொல், உள்ளே இருப்பதைக் கை பார்த்துக்கொள்ளும்.

அடிக்கு அடி வெட்டினால் தாளம் வந்துவிடாது. இப்போது இரண்டு அடிக்கு ஒரு கட் வருகிறது. நாலாவது கட்டிலேயே அடுத்தது எப்போது என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். ஓர் ஆவர்த்தனம் முழுக்க ஒரே ஷாட்டை நிறுத்தி அடுத்ததில் மூன்று வெட்டிப் பார், மிருதங்கம் புதிதாகக் கேட்கும். அடியில் வெட்டும்போது அடிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வெட்டு, சரியாக அடியில் விழும் கட் தாமதமாகத் தோன்றும். பாடும் முகத்துக்குப் போகும்போது இன்னும் முன்னால், 6 முதல் 8 ஃபிரேம். சொல் பிறக்குமுன் வாய் திறக்கும், மூச்சு இழுக்கும். அந்த மூச்சை நறுக்கிவிட்டு முதல் எழுத்திலேயே வெட்டினால், சிங்க் கச்சிதமாக இருந்தாலும் டப்பிங் மாதிரி இருக்கும். பாதிப் புகார் இதனால்தான் வருகிறது.

ஒவ்வொரு டிராஃப்டுக்கும் டைம்லைனை நகலெடுத்து தேதியும் எண்ணும் போட்டுப் பெயர் வை. பழையதில் கை வைக்காதே. மூன்றாவதில் செத்த ஷாட்டை முதலாவதிலிருந்து தோண்டி எடுக்க வேண்டி வரும். வெளியாள் பார்ப்பதற்கு அனுப்பும் நகலில் நேர எண் ஓட வேண்டும். இல்லையென்றால் ‘அந்த மரத்தடி ஷாட்டுக்கு அப்புறம்’ என்றுதான் கருத்து வரும், மரத்தடி ஷாட் பதினொன்று இருக்கிறது. எப்படித் திருத்துவது என்று கேட்க வேண்டாம். எங்கே கவனம் சிதறியது, எங்கே புரியவில்லை என்று மட்டும் கேள். ஷூட்டிங்குக்கு வராத மூன்று பேர் போதும். முட்டளவு தண்ணீரில் நின்று எடுத்தோம் என்பதற்காகவே ஒரு ஷாட் 2:40ல் 9 விநாடி நிற்கிறது. தண்ணீரில் நிற்காதவன்தான் அதை வெட்டச் சொல்வான்.

கட் பூட்டிய பிறகு கலர். லாகில் (வெளிறித் தெரியும் பதிவு முறையில்) எடுத்ததை முதலில் ரெக் 709 எனும் வழக்கமான திரை நிறத்துக்குக் கொண்டுவந்து, வெள்ளையைச் சரிசெய்து, கேமராவும் செல்போனும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் லட் எனும் ஆயத்த நிறச் சாயல் எல்லாம். முக வெளிச்சம் வேவ்ஃபார்மில் (இது ஒலிக்கோடு அல்ல, வெளிச்சத்தை 0 முதல் 100 வரை காட்டும் அளவுகோல்) 70 இருக்க வேண்டும் என்று வெளிநாட்டு வீடியோவில் கேட்டுவிட்டு அந்தப் பெண்ணை வெளுக்க வைத்திருக்கிறார்கள். அது வெள்ளைத் தோலுக்கான எண். நம் நிறத்துக்கு 40, 50 பக்கம் வைத்தாலே முகம் உயிரோடு இருக்கும். மாநிறத்தைச் சிவப்பாக்கிக் காட்டும் பழக்கம் இந்தத் தலைமுறையோடாவது ஒழியட்டும். வராண்டா ஷாட்டில் ஓடும் பட்டை பட்டையான மினுக்கல் கலரில் போகாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டுக்குக் கீழே ஷட்டர் 1/50 அல்லது 1/100 இருக்க வேண்டும். செல்போன் தானாக வேறெதையோ எடுத்துக்கொண்டிருக்கிறது. மறு ஷூட் இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துவிடு.

டைட்டிலில் ‘கொ’ உடைந்து கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நிற்கிறதே, பார்த்தாயா? பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் கிராஃபிக்ஸ் அமைப்புக்குள் டெக்ஸ்ட் எஞ்சினை ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றி, யூனிகோட் எழுத்துருவில் புதிதாக அடிக்க வேண்டும்.

கடைசியில் யூடியூபுக்கு 1080ல் கொடுப்பதென்றால் அவர்கள் பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 8 மெகாபிட்). நீ 20 கொடு, எப்படியும் அவர்கள் மறுபடி அமுக்குவார்கள். ஒலியை மேலும் ஏற்ற வேண்டாம், மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதில் கேட்கும் சத்தத்தின் அளவு) மேல் இருந்தால் யூடியூப் தானே குறைத்துவிடும். யூடியூபில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கட்டாகத் தாவிப் பார்க்கச் சொல். இப்போதைய டிராஃப்டில் 1:52லும் 3:07லும் ஒரு ஃபிரேம் கறுப்பு மின்னுகிறது. முடிவில் தம்புராவின் கார்வை ஓயுமுன் படம் அணைகிறது, இன்னும் 2 விநாடி விடு.

ஹார்டு டிஸ்க்கில் எல்லா டேக்கையும் போட்டு அனுப்பு. டிஸ்க்கை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ய வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய். அனுப்புவதற்கு முன் உன்னிடம் இரண்டு நகல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அடுக்கு தயாரானதும் டிராஃப்ட் வரைக்கும் காத்திருக்காமல் அதன் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினாலே போதும், எந்த வரிக்கு மறு ஷூட் என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பங்காளி