ஆரோக்கியச் சுற்றுலா: முதலில் ஆய்வு, பிறகு விடுதி

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் வடக்கில் ஆரோக்கியச் சுற்றுலாவை வளர்க்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தை வரவேற்கிறேன். ஆனால் யார் வருகிறார்கள், எதைத் தேடி வருகிறார்கள் என்று அறியாமல் விடுதிகளைக் கட்டத் தொடங்குவது பிழை. இத்துறையை ஆராய்பவர்கள் பயணிகளை இரு வகையாகப் பிரிக்கிறார்கள்: உடல்நலத்துக்காகவே பயணம் செய்பவர்கள், வேறு காரியமாக வந்த இடத்தில் அதையும் நாடுபவர்கள். உலகளவில் இரண்டாம் வகையினரே மிக அதிகம். நம் புலம்பெயர்ந்த உறவுகளில் பெரும்பாலானோரும் அவர்களே என்பது என் எண்ணம். கனடாவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த என் அக்கா, முழங்கால் வலிக்காக இரண்டு வாரம் சித்த வைத்தியரிடம் எண்ணெய் பூசி ஒத்தணம் பெற்றார். விடியற்காலையில் கீரிமலை நன்னீர் ஊற்றுக் கேணியில் குளித்தார். மாலையில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் கேட்டு வாங்கிக் குடித்தார். தங்கியது எங்கள் வீட்டில். எந்த விடுதியின் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை.

இத்தகையோரைக் கணக்கெடுக்க வெளியூர் நிபுணர்கள் தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவ மாணவர்களும் முகாமைத்துவ மாணவர்களும் இணைந்து, நல்லூரின் 25 நாள் திருவிழாக் காலத்தில் பலாலி விமான நிலையத்திலும் கீரிமலையிலும் பயணிகளிடம் நேரில் கேட்டு அறியலாம். வட மாகாண நிர்வாகம் அதற்கு ஒரு சிறு நிதியை ஒதுக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.